நீல மூடிப் போத்தல்

— விஜயலெட்சுமி அக்கா, திரும்பவும் கேக்கிறன். சிவப்பு மூடிப் போத்தல் அஞ்சு வீட்டுக்கு, நீல மூடி மற்ற அஞ்சு வீட்டுக்கு. அப்பிடித்தானே குடுத்தனீங்கள்?

— குடுத்தேங்க பிரசாந்தினி மிஸ். எத்தன தடவ சொல்றது?

— அப்ப ஏன் பத்து வீட்டுக் கோழியின்ர ரத்தமும் ஒரே மாதிரிக் காட்டுது?

— அது எனக்கு எப்படிங்க தெரியும்? ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனது நீங்க. நான் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவ.

— பகிடி விடாதேங்கோ. பதுளையில இருந்து பஸ்ஸில நிண்டுகொண்டே வந்தனான்.

— சரிங்க, கோச்சுக்கக் கூடாது. அழகையா அண்ணன் வந்து ஒரே சத்தம். "எனக்கு மட்டும் ஏன் நீலம்? சிவப்புலதான் நல்ல மருந்து இருக்கும்"னாரு. பெறகு ஒவ்வொருத்தரா வந்துட்டாங்க. எத்தன பேருக்குத்தான் பதில் சொல்றது? பத்துப் போத்தலையும் ஒரே பக்கெட்டுல ஊத்திக் கலக்கி, அளந்து பங்கு போட்டுட்டேன்.

— ஐயோ கடவுளே!

— என்னாங்க ஐயோ? எல்லாம் மருந்துதானே?

— இல்லை அக்கா! சிவப்பில மட்டும்தான் மருந்து. தயிர் உறைய வைக்கிற சாதி பக்டீரியா ஒண்டைப் பிடிச்சு, கோழியளைக் கொல்லுற ராணிக்கெட் வைரசின்ர தோலில இருக்கிற புரதத்தை அதுக்குள்ள செய்ய வைச்சனாங்கள். ரெண்டு வருசம்! முதல் வருசம் முழுக்க அது ஒண்டையும் செய்யேல்லை. செய்யத் தொடங்கினால் கரண்ட் போகும். பிறகு அதைச் சாகடிச்சு, போத்தலில அடைச்சுத் தந்தனான்.

— அப்ப நீலத்துல?

— அதே பக்டீரியா, புரதம் இல்லை. ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு.

— அஞ்சு வீட்டுக்கு வெறும் போத்தலையா குடுக்கச் சொன்னீங்க?

— கடுதாசியில எழுதியிருந்தது. வாசிச்சுத்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?

— மலைக்கு வேலைக்குப் போற அவசரத்துல ஆறு பக்கத்த யாருங்க வாசிக்கிறது?

— இப்ப எல்லாக் கோழியும் அரை மருந்துதான் குடிச்சிருக்கு. அது எதுக்குக் காணும்? நோய் வந்தால் ஒண்டும் தப்பாது. மருந்தே குடிக்காத கோழி எண்டு ஒப்பிடவும் ஒண்டில்லை. எல்லாம் பாழ். பேராசிரியருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?

— குடிக்காத கோழிதானே? கீழ் லயத்து வீடுகள்லயும் மருந்து கேட்டாங்க. பத்து வீட்டுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு நீங்க கண்டிப்பா சொன்னதால ஒரு சொட்டு குடுக்கல.

— அங்க எத்தினை கோழி நிக்குது?

— ஒண்ணுமில்ல. போன கிழமை நோய் விழுந்து, கழுத்து திருகித் திருகி அத்தனையும் செத்துப் போச்சு. குழி வெட்டிப் பொதச்சோம். நம்ம கோழியோட ஒண்ணாத்தான் மேஞ்சுதுங்க, பாவம்.

— போன கிழமையோ? அப்ப... உங்கட பத்து வீட்டில?

— வந்ததுல இருந்து கத்திக்கிட்டே இருக்கீங்க மிஸ். உங்க காலச் சுத்திக் கொத்திக்கிட்டு நிக்கிதே, அதெல்லாம் என்னாங்க?