முதல் சுருளை இனி யார் தின்பது?

மேடை என்று இங்கே தனியாக எதுவும் இல்லை. தோசைக்கல்லுக்கு முன்னால் போட்டிருக்கும் நாற்காலிகள்தான் மேடை. அதில் அமர்ந்திருக்கும் இந்தக் கூட்டத்தின் தலைவர், என் பெரியப்பா திரு. தளவாய் அவர்களே! பழவங்காடி வியாபாரிகள் சார்பில் வந்திருக்கும் வேதமாணிக்கம் ஐயா அவர்களே! நம் கடைகளின் ஊழியர்களே, உறவினர்களே, தினமும் இங்கே நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிய வாடிக்கையாளர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சுஜா. பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். மறைந்த ‘சுருள்’ நாச்சியார் அவர்கள் என் அத்தை. பெரியப்பாவுக்குத் தங்கை, என் அப்பா நாகேஸ்வரனுக்கு அக்கா. எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் குடும்பத்தின் சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். “நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கீரு மக்களே, கேட்டியா?” என்றார் பெரியப்பா. நல்லதைச் சொல்வேன். ஆனால் நடந்ததையும் சொல்வேன். எதையும் கூட்டாமல், எதையும் மறைக்காமல், உண்மையை உண்மையாகவே இந்தச் சபையில் பதிவு செய்யப்போகிறேன். அப்படிச் செய்யாவிட்டால் அத்தைக்கு அஞ்சலி செலுத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த மூன்று உடன்பிறப்புகள், கணபதி கோயில் சந்திப்பில் ஒரு தள்ளுவண்டியில் தோசை சுட்டார்கள். பெரியப்பா மாவு ஆட்டினார். அப்பா தண்ணீர் சுமந்தார். அத்தை கல்லின் முன் நின்றார். கோயிலில் விடாமல் தேங்காய் உடைபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒருவர் கிண்டலாகக் கேட்டாராம்: “அங்கே உடைக்கிற தேங்காய்தானா இங்கே சட்னி?” அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கணபதிக்கு உடைச்சது கணபதிக்கு. உமக்கு உடைச்சது உமக்கு. பேசாமத் தின்னும்வே!”

கிழக்கேகோட்டையில் பஸ் யாருக்காகவும் காத்திருக்காது. ஒருநாள் ஒருவர் தட்டில் தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடி பஸ்ஸில் ஏறிவிட்டார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. தோசைக்குள் பொடியையும் கெட்டிச் சட்னியையும் வைத்துச் சுருட்டி, வாழையிலைத் துண்டில் பொதிந்து, நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸின் பின்னால் ஓடி, ஜன்னல் வழியாக அவர் கையில் கொடுத்தார். அவர் ஒரு வாய் கடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “நாளையும் இதுபோலெ மதி!” என்று கத்தினாராம், நாளைக்கும் இப்படியே போதும் என்று. சுருள் பிறந்தது அப்படித்தான்! எந்தப் படிப்பு படித்தவர் திட்டம் போட்டார்? எந்த நிபுணர் பெயர் வைத்தார்? “ஒரு சுருள் தா” என்று கேட்டுக் கேட்டு நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றுதான் எங்கள் குடும்பத்தின் சட்டம் ஆனது. கோயிலுக்கு வந்த ஒரு தாய் தன் குழந்தைக்குச் சுருள் வாங்கினார். பிரித்துப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சந்தேகம். “இத நீங்க திம்பீங்களா?” என்று கேட்டார். அத்தை இன்னொரு சுருளை எடுத்து அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், கடைசிவரை தின்றுகாட்டினார். குழந்தை சாப்பிட்டது. மறுநாள் காலை வந்தவர்கள், “ஆதியம் நீ தின்னு”, முதலில் நீ தின்னு என்று விளையாட்டாகக் கேட்டார்கள். விளையாட்டு வழக்கமாயிற்று. வழக்கம் விதியாயிற்று. சுருள் என்ற பெயர் எங்கே இருக்கிறதோ, அங்கே கடை திறந்ததும் முதல் சுருளைக் குடும்பத்தில் ஒருவர், வாடிக்கையாளர்களைப் பார்த்து நின்றபடி, முழுசாகத் தின்ன வேண்டும். அதற்கப்புறம்தான் வியாபாரம்.

அதனால்தான் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தால் ஒரு கிளை திறந்தது! வேறு எந்த நிறுவனமாவது இப்படி வளர்ந்திருக்குமா? இடம் இருந்தது, கூட்டம் இருந்தது, ஆனால் முதல் சுருள் தின்ன ஆள் இல்லை என்றால் அத்தை கடை திறக்கமாட்டார். வேதமாணிக்கம் ஐயா, நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “ஒங்க வீட்டுல கல்யாணம்னு கேட்டாலே எனக்குப் பயமாக்கும். எங்கடைக்குப் பக்கத்துல ஒரு சுருள் வந்துரும்.” அத்தை விட்டாரா? “அப்ப ஒம்ம மகனத் தாரும். கடையையும் சேர்த்தே தாறேன்.” நீங்கள் சிரிக்கிறீர்கள் ஐயா. சிரிப்பதற்கு இன்னொன்றும் இருக்கிறது.

பஸ் நிற்கிற இடத்தில் சுருள் விற்கும் என்பது அத்தையின் கணக்கு. பொன்முடிக்கும் பஸ் போகிறதே என்று மேலே பஸ் நிற்கும் இடத்திலேயே ஒரு கடை போட்டார். என் பெரியப்பா மகன் ஹரிநாராயணன் அண்ணன்தான் அங்கே முதல் சுருள் தின்றார். பஸ் வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் இறங்கினார்கள். தோசை வாசனை பட்டதும் பாதிப் பேர் ஓரமாகப் போய்க் குனிந்துவிட்டார்கள்! மீதிப் பேர் எலுமிச்சம்பழம் கேட்டார்கள். அடுத்த பஸ் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. “பஸ்ஸப் பாத்தேனே, ரோட்டப் பாத்தேனா!” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அங்கே இஞ்சிச் சாயா போட்டு, தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருப்பவர்களுக்குச் சுருள் கொண்டுபோய்க் கொடுத்துக் கடையை நிமிர்த்தினார். தோற்றாலும் அழாதவர் என் அத்தை!

ஆனால், அன்பானவர்களே, அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

ஹரி அண்ணனுக்குக் கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை கிடைத்தது. போனார். தவறா? இல்லை. கல்யாணமான அக்காமார் பெங்களூருக்கும் துபாய்க்கும் போனார்கள். அப்பாவுக்கு முட்டுவலி, மாவுப் பட்டறையைவிட்டு வெளியே வர முடியவில்லை. பெரியப்பா அலுவலகத்தில் உட்கார்ந்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் காலையில் கல்லின் முன் நிற்க யாரும் இல்லை. அப்போது அத்தை என்ன செய்தார் தெரியுமா? ஸ்கூட்டரில் ஏறினார். இங்கே ஒரு சுருள் தின்றார். கரமனைக்குப் போய் அங்கே ஒன்று. பாளையத்தில் ஒன்று. கடைசியாக விழிஞ்ஞத்தில், துறைமுக வேலைக்குப் போகும் தொழிலாளர்கள் காத்து நிற்கும் கடையில் ஒன்று. பொன்முடிக்கு மட்டும் போய்ச் சேர முடியவில்லை என்று அந்தக் கடையை மூடினார். அன்றுதான் அழுதார்.

இனிமேல் சொல்வதைத்தான் சொல்லக்கூடாது என்றார்கள். அத்தைக்குச் சர்க்கரை நோய் முற்றியிருந்தது. இதயமும் பழுதுபட்டிருந்தது. “தோசையைத் தொடவே கூடாது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஹரி அண்ணன் ஒருநாள் கேட்டார்: “அத்தை, ஸ்டாஃப்ல யாரையாவது தின்னச் சொன்னாப் போதாதா?”

“அவன் சம்பளத்துக்குத் திம்பான்டே. நாம பேருக்குத் திங்கணும்.”

“செரி, ஒரு கடி கடிச்சுட்டு வச்சிரும்.”

“அரைச்சுருள் தின்னா அரைச் சந்தேகம் மிச்சம் இருக்கும். நீ ஒன் கம்ப்யூட்டரப் பாரு.”

எல்லோரும் சிரித்தோம். “அத்தையிட்ட பேசி ஜெயிக்க ஒக்குமா?” என்றோம். அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். “நான் வரட்டுமா அத்தை?” என்று கேட்டேன். “பரீட்சைக்குப் படிட்டீ” என்றார். பிறகு நான் பார்ப்பது தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு மாத்திரையை விழுங்கினார்.

விழிஞ்ஞம் கடையில் வேலை பார்க்கும் சிஜி சேச்சி இங்கேதான் இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “முழுசும் தின்னாரு மோளே. ஒரு துண்டு பாக்கி வைக்கல்ல. ‘செரி, வியாபாரம் தொடங்கு’ன்னு சொல்லிட்டு ஸ்டூல்ல இருந்நு. பின்னே எழும்பல்ல.”

அன்று மாலைக்குள் ஊர் முழுக்க ஒரு குரல் பதிவு பரவிவிட்டது. ‘சுருள் முதலாளி சொந்தக் கடைத் தோசையைத் தின்று செத்துப்போனார், ஜாக்கிரதை’ என்று யாரோ சிரித்துக்கொண்டே சொன்னதை எத்தனை பேர் எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்! வாழ்நாள் முழுக்க உங்களுக்காக முதலில் தின்றவருக்கு நீங்கள் கொடுத்த மரியாதை இதுதானா? ஆனால் உங்களை மட்டும் கேட்டு என்ன பயன்? நாங்கள் ஏன் வாய் திறக்கவில்லை? மாவில் குறை இல்லை, சட்னியில் குறை இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அதை ஊருக்குச் சொன்னால் நோயைச் சொல்ல வேண்டும். நோயைச் சொன்னால், நோயாளியை ஏன் தினமும் தின்னவிட்டீர்கள் என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்து குடும்பம் மௌனமாக இருந்தது. குடும்ப மானத்தைக் காப்பாற்றினோம். அத்தையின் கைமணத்தை விஷம் என்று ஊர் சொல்ல விட்டுவிட்டோம்!

இல்லை பெரியப்பா, நான் உட்காரமாட்டேன். அப்பா, தயவுசெய்து சட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். கொஞ்சம்தான் இருக்கிறது.

நாளைக் காலை ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எல்லாக் கடைகளையும் அவர்கள் எடுத்துக்கொள்ளப்போகிறார்கள். இது ஊழியர்களுக்கே இன்னும் தெரியாது. பெரியப்பா நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். “பேரு போச்சு மக்களே. இனி யாரு வந்து திம்பா? எனக்கும் வயசாச்சு, நான் என்ன செய்ய?” என்று நேற்று என்னிடம் கேட்டார். அவர் கண் கலங்கியதையும் நான் பார்த்தேன். அவர் ஆசைப்பட்டு விற்கவில்லை. அதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சுருள் வழக்கமெல்லாம் தங்களுக்குத் தேவையில்லை, தங்களிடம் சோதனைக்கு இயந்திரம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்களாம். இயந்திரத்திடம் ஒரு தாய், “இத நீ திம்பியா?” என்று கேட்க முடியுமா?

பெரியப்பா, கையெழுத்துப் போடாதீர்கள்! உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அத்தை செத்தது சுருளைத் தின்றதால் இல்லை. எங்கள் எல்லோருடைய சுருளையும் சேர்த்துத் தின்றதால். ஒருவருக்கு ஒன்று என்று நாம் தின்றிருந்தால் அவர் ஒன்றைக்கூடத் தின்றிருக்க வேண்டாம். நம் ஒவ்வொருவர் காலைப் பொழுதிலும் ஒரு சுருள் நேரம் கூடவா கிடைக்கவில்லை? ஹரி அண்ணா, நீங்கள் கழக்கூட்டம் போகும் வழியில்தானே பாளையம் கடை இருக்கிறது? அப்பா, கரமனைக்கு ஆட்டோவில் போகலாமே, நான் கைபிடித்து ஏற்றிவிடமாட்டேனா? வேதமாணிக்கம் ஐயா, நீங்கள் சொந்தக்காரர் இல்லைதான். ஆனால் அத்தை இறந்த அன்று உங்கள் கடையை மூடிவிட்டு இங்கே வந்து தரையில் உட்கார்ந்தீர்களே, அதற்கு மேல் என்ன சொந்தம் வேண்டும்?

எல்லோரும் ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்?

சரி. நான் சொல்லிவிடுகிறேன். அத்தையின் படத்தின் முன்னால், இந்தக் கல்லைத் தொட்டு உறுதி சொல்கிறேன். நாளைக் காலை பள்ளிக்கூடம் போகுமுன் பழவங்காடிக் கடையின் முதல் சுருளை நான் தின்பேன். சீருடையோடு, உங்களைப் பார்த்து நின்றபடி, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல். வீட்டில் அடித்தாலும் வருவேன். ஷட்டரைத் திறக்காவிட்டால் வெளியே நின்று தட்டுவேன். ஆனால் என் ஒரு வாயால் எல்லாக் கடைகளையும் காப்பாற்ற முடியாது. அப்படி முயன்ற ஒருவருக்குத்தான் இன்று பூமாலை போட்டிருக்கிறோம். கரமனைக்கு யார்? பாளையத்துக்கு யார்? விழிஞ்ஞத்தில், அவர் உட்கார்ந்த அதே ஸ்டூலுக்கு முன்னால் நின்று தின்னப்போவது யார்? வாயால் சொல்ல வேண்டாம். எழுந்து நின்றால் போதும். எழுந்து நிற்பவர்களைப் பெரியப்பா பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவர் முடிவு செய்யட்டும்.

பெரியப்பா நாற்காலியைவிட்டு எழுந்து சுவிட்சுப் பலகைப் பக்கம் போகிறார். பெரியப்பா, வேண்டாம். ஒரு நிமிஷம். அவர்கள் எழுந்திருக்க நேரம் கொடுங்கள். தயவுசெய்து…

நாற்காலிகள் நகர்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. எழுந்து நிற்கிறீர்களா? வெளியே போகிறீர்களா? யாராவது சொல்லுங்கள், எனக்கு எதுவும் தெரியவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.