ஒரு பொன்னாடை, இரண்டு முனை

அவைக்குத் தலைமை தாங்கும் செபமாலைமுத்து அண்ணை அவர்களே, முன்வரிசை நிறைத்திருக்கும் மூத்தோரே, மடியில் பிள்ளையும் கையில் பலகாரமுமாய் அமர்ந்திருக்கும் தாய்மாரே, எழுபது வயது கண்டு இன்று நம் சங்கத்தின் பாராட்டைப் பெற வந்திருக்கும் ஜெகதீஸ்வரியே, இந்த ஈஸ்ட் ஹாம் மண்டபம் கொள்ளாமல் கதவடியில் நிற்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கன்னடக் கரையோரத் துளுநாட்டு வீரர் இருவரின் கதை சொல்ல வந்தேன். ஹவுன்ஸ்லோவில் என் பக்கத்து வீட்டுக் கிரிஜா அந்த நாட்டுப் பெண். அவள் சொல்லச் சொல்ல நெஞ்சில் எழுதிக்கொண்டேன். கோட்டி, சென்னய்யா! ஒரே வயிற்றில் உதித்த இரட்டையர். பிறந்த கையோடு தாயை இழந்தவர்கள். அமைச்சன் ஒருவன் அவர்கள் வயலுக்குத் தண்ணீரைத் தடுத்தான். தன்மானத்தைத் தடுக்க முடிந்ததா? அவனை வீழ்த்தினார்கள். ஊரை இழந்தார்கள், உறவை இழந்தார்கள். ஒருவரை ஒருவர் இழந்தார்களா? பின்பு அரசர்களுக்கிடையே மூண்ட போரில் கோட்டி சாய்ந்தான். அண்ணன் இல்லாத உலகில் வாழச் சென்னய்யா மறுத்தான். அந்த இரு உடல்களின் முன்னே அரசர்கள் பகை மறந்தார்கள். இன்றும் அவர்கள் கோயிலில் இருவரும் அருகருகேதான். ஒருவரை விட்டு மற்றவரைக் கூப்பிட எங்களுக்கு வாய் வராது என்றாள் கிரிஜா.

சபையோரே, ஜெகதீஸ்வரிக்கும் இரட்டையர். முகுந்த், நிஷாந்த். பக்கத்து ஊர் ஃபாரஸ்ட் கேட்டில் ஒன்றாகக் கடை திறந்தவர்கள், பலகையில் எவன் பெயர் முன்னுக்கு என்று முறைத்துக் கடை நடுவே சுவர் எழுப்பினார்கள்.

என்ன தம்பி, அதை இங்கே கதைக்க வேண்டாமா? கதைப்பேன். அந்தக் கடைத் திறப்புக்கு என்னை வா என்று ஒரு சொல் சொல்லாதவர்கள். மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் என் கோபம் என்னோடு. பெற்றவளுக்கு எதற்குத் தண்டனை? நேற்று அவள் என்னிடம் சொன்னாள்: "ரெண்டு பேரும் தனித்தனிப் பொன்னாடையோட வந்தா நான் மேடைக்கு ஏற மாட்டன், அக்கா. எவன்ரை பொன்னாடையை முதல் தோளில வாங்கிறது?"

இதோ, இரண்டு பொன்னாடை வந்திருக்கிறது. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அவள் இன்னும் கீழேதான் இருக்கிறாள்.

பிள்ளைகளே, அவற்றை மடித்து வையுங்கள். சங்கம் வாங்கியது என் கையில் இருக்கிறது. இதற்கு இரண்டு முனை. பிடிக்க ஆள் வராவிட்டால் நான் பேசிக்கொண்டே இருப்பேன். எனக்கு நினைவு நல்லது. இங்கே இருக்கிற எல்லோர் வீட்டுக் கதையும் தெரியும்.

ஓம், இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே நிஷாந்த் எழும்புகிறான். கதவடியில் வழி விடுங்கள், முகுந்த் வருகிறான். ஏறி வா ஜெகதீஸ்வரி, ஏறி வா!

பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. கதை தந்த கிரிஜாவுக்கு நன்றி. எவன் பெயரையும் முன்னுக்குச் சொல்லாமல் முடிக்கிறேன்: ஜெகதீஸ்வரியின் பிள்ளைகளுக்கு என் வணக்கம்.