பதினாலு வயசு மணிக்கட்டு

— மேடையில ஏறி அப்படியே சொல்லிடப் போறியாண்ணா?

— சொல்லிடப் போறேன் கமலா. மைக்கைப் புடிச்சு, என் பேரு ராஜவேல் இல்ல, அருள்முருகன்னு. அவ்ளோதான். சரியா?

— இன்னா சரியா? இந்தியா புட்பால் டீமுக்கே கோச்சாயிட்டான் எங்க ராஜவேலுன்னு ஊரு பூரா பேனர் வெச்சிருக்காங்க. சிக்னலுக்கு சிக்னல் உன் மூஞ்சிதான். ஆறு மணிக்குப் பாராட்டு விழா. நீ போயி இந்தப் பேச்சைப் பேசப் போறியா?

— அது என் மூஞ்சி இல்ல.

— அட போண்ணா.

— சொல்றேன் கேளு. செத்துப்போன தம்பி பேருல ஆடினேன். அவன் பேருல கேப்டன் ஆனேன். இப்ப அவன் பேருலயே டீமைக் கூட்டிக்கிட்டுப் போறேன். செவ்வாக்கிழம மொத மேட்ச்சு. கிரவுண்டுல ராஜவேல்னு மைக்குல சொன்னா, இன்னிக்கும் நான் திரும்பி அவனைத்தான் தேடறேன். முடியல கமலா.

— சொன்னா வேலை போயிடும். ஆடினதெல்லாம் பித்தலாட்டம்னு எழுதுவானுங்க.

— எழுதட்டும். ஆரம்பிச்சு வெச்சவரு அப்பா. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் லெட்டரு தம்பிக்குதான் வந்துச்சு. பதினாலு வயசு அவனுக்கு. அடுத்த வாரமே ரெண்டு பேரும் பிள்ளைச்சாவடி கடல்ல எறங்கினோம். அவன் போயிட்டான், நான் பொழைச்சேன். முனிசிபாலிட்டி மேரி ஆபீசுல சாவைப் பதியறப்போ அப்பா என் பேரைக் குடுத்துட்டாரு. மூத்தவன் அருள்முருகன், வயசு பதினேழுன்னு. லெட்டரு வீணாப் போவக்கூடாதுன்னு என்னைத் தம்பியாக்கி அனுப்பிட்டாரு.

— அப்பா தன் வாயால உங்கிட்ட அப்படிச் சொல்லிச்சா?

— சொல்லணுமா? கண்ணு முழிச்ச நாள்லேர்ந்து வூட்டுல எல்லாரும் என்னை ராஜான்னுதானே கூப்ட்டீங்க. உனக்குப் பதினோரு வயசு. நீகூட சின்னண்ணான்னுதான் கூப்ட்ட.

— ம்.

— ஹாஸ்டல்ல வயசைக் கண்டுபுடிக்க மணிக்கட்டுல எக்ஸ்ரே எடுத்தாங்க. மாட்டிக்கிட்டோம்னுதான் நெனச்சேன். டாக்டரு பதினாலுன்னு எழுதிட்டாரு. தப்பாப் பார்த்துட்டாரு மவராசன்.

— பதினாலுன்னா எழுதினாரு?

— ஆமா. ஏன்?

— இத்தினி வருஷத்துல இதை எங்கிட்ட நீ சொன்னதே இல்லியேண்ணா.

— சொல்லாதது எவ்வளவோ இருக்கு. எனக்கு வலது காலு. அவனுக்குதான் இடது. ஹாஸ்டல்ல மொத நாள் பந்து வந்துச்சு பாரு, இடது காலு தானாப் போச்சு. நான் போட்ட கோல் அத்தனையும் இடது கால்ல. இப்ப ஷேவ் பண்றப்போ கண்ணாடியில அவன் நிக்கறான். தாடி நரைச்சு, கன்னம் ஒட்டி, ஆனா அவன்தான். பேரைத் திருப்பிக் குடுன்னு கேட்க வர்றான்.

— எதுனா பேசறானா?

— பேச மாட்டான். நான் வாயத் தொறந்தா அவனும் தொறக்கறான். அவ்ளோதான்.

— அண்ணா, அந்தக் கையை இப்படிக் குடு.

— எதுக்கு?

— குடேன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூமுல இருபத்திரண்டு வருஷமா இருக்கேன் நான். பதினாலு வயசு மணிக்கட்டுல, எலும்பு வளர்ற எடத்துல கோடு பளிச்சுனு தெரியும். பதினேழுல அது ஒட்டிப்போற நேரம். நேத்து வேலைக்குச் சேர்ந்தவகூட மாத்திச் சொல்ல மாட்டா. உன் டாக்டரு சரியாத்தான் பார்த்திருக்காரு.

— இன்னா சொல்ற நீ?

— மேரியில அப்பா பொய் எழுதலண்ணா. காலாப்பட்டுப் பக்கம் கரை ஒதுங்கினது பெரியண்ணன்தான். அம்மா பொடவையைப் புடிச்சிக்கிட்டு நானும் நின்னு பார்த்தேன். அரும்பு மீசையில மணலு ஒட்டியிருந்துச்சு.

— அப்ப நான் யாரு?

— இந்த உடம்பு சின்னண்ணன் உடம்பு. மீன்காரங்க தூக்கியாந்து போட்டாங்க. மூணு நாளு நெனப்பே இல்ல. நாலாம் நாளு கண்ணத் தொறந்ததும் அம்மா, ராஜான்னு கட்டிக்கிச்சு. நீ, தம்பி எங்கம்மான்னு கேட்ட.

— நானா கேட்டேன்?

— நீதான். மந்திரிச்சோம். மசூதியில ஓதித் தண்ணி தெளிச்சாங்க. வில்லியனூர் மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினோம். பேரைச் சொல்லிக் கூப்ட்டுக்கிட்டே இருங்கன்னு சொன்னாங்க. அதான் கூப்ட்டோம். சாவற அன்னிக்கும் அம்மா கூப்ட்டுச்சு.

— அப்ப நான் யாரு பேரையும் திருடல?

— பேரைத் திருடல.

— கமலா! அதிர்ச்சியில கொழம்பிப்போயிருக்கேன், அவ்ளோதானா? கண்ணாடியில தெரியறது நான்தானா? முப்பத்தாறு வருஷம் அழுதேனே, முட்டாப் பய! பேனர்ல இருக்கறதும் நான்தான். செவ்வாக்கிழம நிம்மதியாப் போயி நிப்பேன். ஏன் அழுவுற? சந்தோஷப்படேன்.

— சந்தோஷம்தான்ண்ணா.

— ஒண்ணுதான் புரியல. தண்ணிக்குள்ள தம்பி இடுப்பைப் புடிச்சு மேல தள்ளிவுட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவன் காலு என் மாருல ஒதைச்சுச்சு. அவன் மேல போனான். நான் கீழ போயிக்கிட்டே இருந்தேன். இருட்டு. காதுல ஒரே இரைச்சலு. அப்புறம் ஒண்ணுமில்ல. நான் ராஜவேல்னா, இது எனக்கு எப்படித் தெரியும்?

— அது உனக்கு மட்டும்தான் தெரியும். நீ காப்பாத்தினதை நாங்க யாரும் மறக்கல. ஆனா அந்த உடம்புக்கு அம்பது வயசாயிடுச்சு. போதும் பெரியண்ணா, என் சின்னண்ணனை வுட்டுட்டுப் போயிடு.