கிணற்று முறை

தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, சேர். குறையாகச் சொல்லவில்லை. எழுபது வயதாகிறது, சீனியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் எழுதுங்கள், நான் ஆறுதலாகச் சொல்கிறேன். பெயர் கனகரத்தினம். ஊர் கோப்பாய். தொழில் தோட்டம், முந்தி வெங்காயம், இப்போது வாழை.

எனக்கும் என் தம்பி சிவகரனுக்கும் எங்கள் அப்பு விட்டுப்போனது அடுத்தடுத்து இரண்டு துண்டுக் காணியும் நடுவில் ஒரு பங்குக் கிணறும். மூன்று நாள் நான் இறைப்பது, அடுத்த மூன்று நாள் அவன் இறைப்பது. அதுதான் முறை. ஊரில் இந்த முறையால் வெட்டுக்குத்து வரை போன குடும்பங்கள் உண்டு. நாங்கள் ஒரு நாளும் வாய்த்தர்க்கப்பட்டதில்லை. அவனுடைய நாட்களில் அவன் எழும்ப முன்னரே நான் ஒரு மணித்தியாலம் இறைத்துவிடுவேன். அவனுக்கு அது தெரியாது, அதனால் சண்டையும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தெரிந்துவிட்டது. வைரவர் கோவில் அன்னதானப் பந்தியில் நான் இலைக்கு முன்னால் இருக்கிறேன். சாம்பார் வாளியோடு வந்த சிவகரன் எனக்கு முன்னால் நின்று பந்திக்கே கேட்கச் சொன்னான்.

"என்ரை முறையிலை அண்ணைதான் தண்ணி இறைக்கிறார். கேட்டிருந்தா நானே விட்டிருப்பன். களவெடுக்க வேணுமே?"

நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் சொன்னது பொய்யென்றால் நான் எழும்பி அடித்திருப்பேன். உண்மையாக இருந்தபடியால் சோற்றைத் தின்று முடித்தேன்.

என் காணியின் பின்பக்கம் ஒரு பாதிக் கிணறு இருந்தது. இருபத்தைந்து அடி தோண்டினபின் பாறை தட்டியது. சண்டைக் காலம், வெடி வைக்க விடமாட்டார்கள். ஒரு சொட்டு ஊற்று இல்லாமல் அப்படியே விட்டதுதான். அந்த ஆவணியில் எந்நேரமும் ஊரடங்கு. தெருவில் நாய்கூட இல்லை. வளர்பிறைப் பஞ்சமி, திங்கட்கிழமை விடிய, வேலிக்கு மேலால் அவனைக் கூப்பிட்டேன். பாதிக் கிணற்றுக்குள் ஆடு விழுந்துவிட்டது, வந்து பார் என்றேன். பந்தியில் சொன்னதை நினைத்து வெட்கப்பட்டான் போல, உடனே ஓடிவந்தான். குனிந்து பார்த்தான். நான் முதுகில் கையை வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. மற்றவர்கள்தான் செய்தார்கள். அந்த நாட்களில் ஒருவன் வீடு திரும்பாவிட்டால் யாரும் கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை, சேர். நேரே இராணுவ முகாம் வாசலுக்குத்தான் போவார்கள். அவன் மனைவி குணலட்சுமியும் போனாள். நாலு வயது மகள் தர்சிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தனியாக விடலாமா? நானும் போனேன். என் கையெழுத்து வடிவானது, முறைப்பாடுகள் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். வெயிலில் அவள் மயங்கி விழுந்தால் தண்ணீர்ப் போத்தலை நீட்டுவேன். மூன்றாம் வருடம் அவள் சாப்பாட்டை விட்டுவிட்டாள். தெற்கில் ஒரு முகாமில் அவனைக் கண்ட ஆள் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னேன். அன்றிரவே புட்டுத் தின்றாள். அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஏதாவது சொல்லிவைப்பேன். பதினெட்டு வருடம் பொட்டோடும் தாலியோடும் அவள் உயிரோடிருப்பது என்னால்தான்.

நான் சடங்கு விடயத்தில் கண்டிப்பான ஆள். ஒவ்வொரு ஆவணி வளர்பிறை அட்டமிக்கும் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடமாட்டேன். முழுகி, சமைத்ததில் முதற்பிடியைக் காகத்துக்கு வைப்பேன். என் மனைவி கேட்டால் வயிறு சரியில்லை என்பேன். செத்தவனுக்குத் திவசம் செய்யாமல் விடுவது பாவம்.

இந்த வருடம் தர்சிகாவுக்குக் கலியாணம் பொருந்தியது. மணவறையில் தாய் சுமங்கலியாக நிற்பதா, விலகி நிற்பதா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்கள். குணலட்சுமி இரண்டு நாள் அழுதாள். பிறகு, சரி, செத்தவராக நினைத்து அந்தியேட்டியைச் செய்வோம் என்றாள். ஐயர் பஞ்சாங்கத்தோடு வந்து இருந்தார்.

"திதி தெரியுமோ பிள்ளை? தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாம்."

"அவர் காணாமப்போனது ஆவணிப் பஞ்சமி, ஐயா."

நான் பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். பிழையைக் கேட்டால் திருத்தாமல் இருக்க என்னால் ஏலாது.

"பஞ்சமி இல்லை, ஐயா. அட்டமி எண்டு எழுதுங்கோ."

ஐயர் எழுதப்போனார். குணலட்சுமி எழுதவிடவில்லை. பஞ்சாங்கத்தின்மேல் கையை வைத்தாள்.

"பெரியத்தான், அவர் போனது பஞ்சமி. செத்தது அட்டமி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

வாய் தவறிவிட்டது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஆவணி அட்டமிக்கு நான் மீன்குழம்பு கொண்டுவந்தா நீங்கள் ஒருநாளும் தொட்டதில்லை. காகத்துக்கு மட்டும் வைப்பியள். ஆருக்கு வைச்சனீங்கள்? சொல்லுங்கோ, ஆருக்கு?"

அழவில்லை. தாலிக்கொடியைப் பிடித்தபடி எழும்பி நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்தாள். நீங்கள் மண் தோண்டுகிற பெக்கோ கொண்டுவந்து, அந்தக் கிணற்றை மூடி நான் நட்ட வாழைகளைப் பிடுங்கினீர்கள். குலை தள்ளின வாழைகள், சேர். கொஞ்சம் பார்த்துப் பிடுங்கியிருக்கலாம்.

விழுந்தவுடனே செத்தானா என்று இரண்டாம் தரமும் கேட்கிறீர்கள். எலும்புகளைப் பார்த்தீர்கள். ஒரு கால்தான் முறிந்திருந்தது. மூலையில் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததையும் பார்த்தீர்கள். நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தான். கெட்டிக்காரன்.

முதல் நாள் நிறையக் கத்தினான். நான் மெசினைப் போட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டேன், சத்தம் வெளியே போகவில்லை. இரண்டாம் நாள் விளிம்பில் போய் நின்றேன்.

"அண்ணை, குணத்துக்குச் சொல்லமாட்டன், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஒரு வாய் தண்ணி தாங்கோ."

"இண்டைக்கு என்ரை முறையடா," என்றேன்.

மூன்றாம் நாளும் என் முறைதான். அவன் மெதுவாகக் கதைத்தான், கேட்கவில்லை.

அட்டமி விடிய அவனுடைய முறை தொடங்கியது. அன்று நான் ஒரு சொட்டும் எனக்கு இறைக்கவில்லை, சேர், அதை மறக்காமல் எழுதுங்கள். ஒரு வாளி நிறைய அள்ளி, கயிறு கட்டி, அவனிடம்தான் கொண்டுபோனேன். மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தன் முறைக்கு அவன்தான் எழும்பவில்லை.