கொக்கி வைக்கிற நேரம்

“பொருளாதாரம் படிச்சு நம்ம தெருவுல யாருக்கு என்னட்டி ஆவப்போவுது?” நான் கல்லூரியில் சேர்ந்தபோது மாமா கேட்டது இது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான்தான். நேற்று ராஜபாளையத்தில் பஸ் ஏறி, எந்த வேலையை யார் செய்தால் இழப்பு குறைவு என்று சொல்லும் ஒப்பீட்டு நன்மைப் பாடத்தை மடியில் திறந்து வைத்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு தையல்காரப் பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

“நாத்தனார வேலையில இருந்து நிப்பாட்டிட்டேன்க்கா. ஜாக்கெட் தைக்கவும் நான்தான் வேகம், கொக்கி வைக்கவும் நான்தான் வேகம். பொறவு அவ எதுக்கு?”

“ஆடிப்பூரத்துக்குள்ள அம்புட்டையும் குடுத்துருவியா?”

“அதான் முடியல. குடுக்கலேன்னா அடுத்த வருசம் எவளும் துணி தர மாட்டா.”

“நீ கொக்கி வைக்கையில மிஷின் ஓடுதா?”

“அது எப்பிடி ஓடும்? சும்மா கெடக்கு.”

“மிஷின்ல அவ உன் வேகத்துல பாதிகூட வர மாட்டா. கொக்கியில உன்னவிடக் கொஞ்சந்தான் மந்தம். நீ கொக்கி வச்சா ஒரு ஜாக்கெட் தைக்கிற நேரம் போவுது. அவ வச்சா என்னட்டி போவுது?”

“அவ பாக்குற சீரியல் போவும்.”

இருவரும் சிரித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வருமுன்பே தையல்காரப் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, கோவத்த விடு. கடச் சாவி அம்மாகிட்ட இருக்கு. தைச்சதையெல்லாம் எடுத்து இப்பவே கொக்கி வைக்க ஆரம்பி. நான் இனி மிஷின விட்டு எந்திரிக்க மாட்டேன்.”