குறி தப்பிய பல்

டங் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் அப்போது என் தங்கை வீட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன், டாக்டரம்மா. நல்ல தேநீர். அவள் கைக்கு அது வரும்.

துணி ஊறவைத்திருந்த எவர்சில்வர் வாளியில் ஓர் ஈயக் குண்டு பட்ட சத்தம் அது. குண்டு போய்ச் சேர வேண்டிய அட்டை அங்கிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. சுட்டவர் என் தங்கையின் கணவர். பல் டாக்டர். எங்கள் ஏர் ரைஃபிள் கிளப்பில் வருடா வருடம் கோப்பை வாங்குகிறவர்.

தங்கை கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "யாரு வாளியச் சுட்டது?"

"வாளி குறுக்க வந்துடுச்சு," என்றார் மாப்பிள்ளை.

"நடந்தா வந்துச்சு?"

நான் சிரிக்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குண்டு ஏன் வாளிக்குப் போனது என்பது அங்கிருந்த மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று இந்தப் பல் மருத்துவக் கவுன்சிலின் விசாரணை அறையில் நான் புகார் கொடுத்தவனாக உட்கார்ந்திருக்கிறேன். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. என் நல்ல பல்லை மாப்பிள்ளை வேண்டுமென்றே பிடுங்கினார் என்பது என் புகார். 'கை தவறியிருக்கலாமே, வேண்டுமென்றே செய்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்' என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். குடும்பத்தில் யாருக்குக் கண் மங்கினாலும் என்னிடம்தான் வருவார்கள். குடும்பத்தில் யாருக்குப் பல் வலித்தாலும் மாப்பிள்ளையிடம் போவார்கள். இருவருக்கும் பொழுதுபோக்கு ஒன்று, கிளப் ஒன்று. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அவருக்குக் கோப்பை, எனக்கு ஃப்ளாஸ்க்.

எங்கள் கிளப்பில் இரண்டாம் பரிசு எப்போதும் ஃப்ளாஸ்க்தான். யார் ஆரம்பித்து வைத்த பழக்கமோ தெரியாது. என் வீட்டு அலமாரியில் பச்சை, சிவப்பு, பூப்போட்டது என்று ஒரு வரிசையே நிற்கிறது. "இன்னும் ஒண்ணு வந்தா டீக்கடை போட்டுடலாம்," என்று என் மனைவி சொல்வாள். மாப்பிள்ளை என்னை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது, "இவர் என் மச்சான். எங்க போனாலும் சூடா ஏதாவது கிடைக்கும்," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதனால்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு சின்ன மனிதன் இல்லை.

குதிரைப் பந்தயத்தில் நல்ல குதிரையின் முதுகில் கொஞ்சம் எடை ஏற்றுவார்களே, கேள்விப்பட்டிருப்பீர்கள். மற்றக் குதிரைகளுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்பதற்காகச் செய்வது. குதிரைக்கு அதில் ஒரு அவமானமும் இல்லை. மாப்பிள்ளை புதுக் கண்ணாடி கேட்டு வந்தபோது எனக்கு அந்த எண்ணம்தான் வந்தது. அவருடைய பவரில் நான் கை வைக்கவில்லை. லென்ஸைப் பொருத்தும் கோணத்தை மட்டும் கொஞ்சம் திருப்பினேன். அப்படித் திருப்பினால் உலகம் மறைந்துவிடாது. நேர்க்கோடுகள் லேசாகக் கலங்கும், அருகருகே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டும், சாயங்காலம் தலை வலிக்கும். "புதுசு பழகறதுக்கு நாளாகும் மாப்ளே," என்றேன். பழைய கண்ணாடியை, ஃப்ரேம் வேறு யாருக்காவது ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். எந்தக் கடையிலும் செய்வதுதான்.

நீங்கள் சுடுவதில்லை என்று நினைக்கிறேன். ஸ்பிரிங்கில் இயங்கும் ஏர் ரைஃபிள் ஒரு விசித்திரமான சாமான். விசையை இழுத்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துள்ளும். குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கியே ஒரு ஆட்டம் ஆடிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒரு பக்கம் போகும், கல்லின் மேல் வைத்துச் சுட்டால் இன்னொரு பக்கம் போகும். தூங்குகிற குழந்தையை வாங்கிக்கொள்வது போல ஏந்த வேண்டும். அது போதாதென்று, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏதாவது ஒரு கம்பெனி டப்பாக் குண்டுதான் பிடிக்கும். மற்றதை எல்லாம் கண்டபடி துப்பும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. சில மாமியார்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே குறி தப்பினால் எங்கள் ஆட்கள் கண்ணைச் சந்தேகிக்க மாட்டார்கள். டப்பாவைத்தான் சந்தேகிப்பார்கள். மாப்பிள்ளையும் அதைத்தான் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லைப்புறத்தில் சோதனை நடக்கும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது எங்கள் விதி. ஒரு கம்பெனிக் குண்டில் ஐந்து சுட்டு, அட்டையை எடுத்து, துளைகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பார்ப்பார். அடுத்த டப்பா. மொட்டைத் தலைக் குண்டு, கூர்த் தலைக் குண்டு, கனமானது, லேசானது. விளிம்பு நசுங்கிய குண்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பொறுக்கி எறிவார். அந்தப் பூதக்கண்ணாடியும் என் கடையில் வாங்கியதுதான். அட்டை மாற்றும் வேலை என்னுடையது. முழு மனதோடு உதவினேன். வாளியில் குண்டு பட்டது இந்தச் சோதனைகளில் ஒன்றின்போதுதான்.

அந்த வருடம் கோப்பை எனக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு ஃப்ளாஸ்க். மேடையிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போட்டி முடிந்ததும் லென்ஸைச் சரி செய்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடமும் போட்டி உண்டு. ஒரே ஒரு முறை ஜெயித்தவனைக் கிளப்பில் அதிர்ஷ்டக்காரன் என்பார்கள். இரண்டு முறை ஜெயித்தால்தான் திறமைசாலி.

இனி, அவருடைய கிளினிக்கில் நடந்த சில விஷயங்கள். உங்களுக்கும் புகார்கள் வந்திருக்கும். பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்குச் சொத்தைக்குப் பக்கத்தில் இருந்த நல்ல பல்லில் துளை போட்டுவிட்டார். அந்த அம்மாவுக்கு இப்போது சில எழுத்துகளோடு ஒரு விசில் சேர்ந்து வருகிறதாம். வகுப்பில் பிள்ளைகள் இதற்கு முன் இவ்வளவு கவனமாகப் பாடம் கேட்டதில்லை என்று சொல்கிறார்கள். கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் ஒருவருக்கு முன்பல்லில் வலி. மாப்பிள்ளை பக்கத்துப் பல்லை எடுத்துவிட்டார். பிறகு தவறு தெரிந்து வலித்த பல்லையும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வாத்தியத்துக்கு முன்பல் முக்கியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் இப்போது அதே பேண்டில் ஜால்ரா தட்டுகிறார். இசையை விட்டு ஒன்றும் போய்விடவில்லை.

நர்ஸ் வேலையை விட்டு நின்றுகொண்டாள். கூட்டம் குறைந்தது. மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, நடுங்குகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பார். சோறு ஆறிப்போகும். ஒரு நாள் என்னிடம், "மச்சான், எங்கப்பாவுக்கும் இப்படித்தான் கை போச்சு. எனக்கு ரொம்ப சீக்கிரமா வந்துடுச்சு இல்ல?" என்றார்.

"வயசு யாரை விட்டுது மாப்ளே," என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

கிளினிக்கை மூடிவிடப் போவதாக அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் நீங்கள் கேட்க வேண்டும். அன்றும் சோதனை. டப்பாக்களை மாற்றியாகிவிட்டது, ஸ்பிரிங்கை மாற்றியாகிவிட்டது, உட்காரும் ஸ்டூலைக்கூட மாற்றியாகிவிட்டது. துளைகள் அட்டை முழுக்க ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"குடுங்க, நான் ஒரு தடவை சுடறேன்."

"உனக்கெதுக்கு இது? தோள்ல இடிக்கும்," என்றேன்.

"கல்யாணமாகி இத்தனை வருஷமா இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டே இருக்கேன், இடிச்சா இடிக்கட்டும்ணா."

பயத்தில் துப்பாக்கியைப் பட்டும் படாமலும் ஏந்தினாள். அதுதான் சரியான பிடி என்று அவளுக்குத் தெரியாது. ஐந்து குண்டு. அட்டையைப் போய் எடுத்து வந்தேன். ஐந்து துளைகளையும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம்.

"அப்ப துப்பாக்கியும் சரி, குண்டும் சரி," என்றாள். "எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு. இன்னும் மாத்தாதது என்ன?"

"கைதான்," என்றேன் நான். "அதை எங்கம்மா மாத்தறது?"

 அவள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தேன். எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு கிளினிக்கை மூடும் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைச் சோதனையும் நின்றது. மாப்பிள்ளை தெளிவாக இருந்தார். கோப்பை இல்லாமல் வாழப் பழகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மனிதனுக்கு அந்தப் பக்குவம் வேண்டும்.

அப்புறம்தான் எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. இடது பக்கம், கீழே. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், ஃப்ளாஸ்க் வெந்நீரில் துணியை நனைத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டேன். அடங்கவில்லை. வேறு டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். வீட்டிலேயே பல் டாக்டரை வைத்துக்கொண்டு வெளியே போனால் தங்கை ஏன் என்று கேட்பாள்.  தவிர, தினமும் எத்தனையோ பற்களை அவர் சரியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். தவறியவை கொஞ்சம்தான்.

நர்ஸ் இல்லாததால் தங்கைதான் தட்டோடு நின்றாள். நாற்காலியில் சாய்ந்து, வலிக்கும் பல்லை விரலால் தொட்டுக் காட்டினேன். தெளிவாகக் காட்டினேன். விளக்கைத் திருப்பிக்கொண்டு மாப்பிள்ளை குனிந்தார். அதே ஃப்ரேம், அதே மூக்கு. ஒரு லென்ஸைப் பார்த்ததும் அதன் கோணத்தைச் சொல்லிவிடுவேன் நான். ஆனால் அந்த விளக்கு வெளிச்சத்தில் எனக்குக் கண்ணே திறக்கவில்லை.

"மச்சான், உங்க கிட்ட சொல்றதுக்கென்ன," என்றார் மெதுவாக. "எனக்கு ரெண்டு பல்லும் ஒட்டிக்கிட்ட மாதிரி தெரியுது. கண்ணாடியில ஏதாவது கோளாறு இருக்குமோ? நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க."

தங்கை தட்டைக் கீழே வைத்தாள். 

இந்த இடத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், டாக்டரம்மா. கோளாறு என்று நான் சொல்லியிருந்தால் டீச்சர், கிளாரினெட்காரர் என்று எல்லா விவகாரமும் கிளம்பியிருக்கும். தங்கையின் குடும்ப நிம்மதி என்ன ஆகும்? ஒரு அண்ணன் அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? என் பல்லைப் பணயம் வைத்து அந்த நிம்மதியைக் காப்பாற்றினேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"கண்ணாடி கச்சிதமா இருக்கு மாப்ளே," என்றேன்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"என் கடைக் கண்ணாடி. எனக்குத் தெரியாதா?"

"அண்ணா," என்றாள் தங்கை. நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"சரி," என்றார் மாப்பிள்ளை. ஊசி போட்டார். தாடை மரத்துப்போனது. அழுத்தம் மட்டும்தான் தெரிந்தது, வலி தெரியவில்லை. கை நடுங்கவே இல்லை. ஒரே இழுப்பு. தட்டில் ணங் என்று விழுந்தது.

எழுந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, வேர் வரைக்கும் ஒரு புள்ளி இல்லாத பல். நாக்கால் துழாவினேன். வலிக்கும் பல் அதன் இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. வாய் நிறையப் பஞ்சு, பேச வரவில்லை. விரலை நீட்டி அவருடைய கண்ணாடியைக் காட்டினேன்.

மாப்பிள்ளை அதைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். அப்போது அவர் சொன்னதுதான் என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி. ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறேன்:

"லென்ஸ போன மாசமே வேற கடையில மாத்திட்டேன் மச்சான், இன்னைக்காவது நீங்களே வாய் விட்டுச் சொல்லிடுவீங்கன்னு உங்க தங்கச்சி சத்தியம் பண்ணினா."