மீன் வாடை தெரியாத திரேஸ்புரத்துக்காரர்

அலைக்கு அஞ்சாத நெஞ்சும் அவைக்கு அடங்கிய நாவும் கொண்ட தலைவர் மரியான் அண்ணாச்சி அவர்களே! படகைக் கட்டிப்போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையை முற்றுகையிட்டிருக்கும் முத்தான பிள்ளைகளே! குழந்தை மருத்துவர் அருணாசலவடிவின் அன்பு வணக்கம்.

ஊசி போடும் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், இது குத்தாது!

ஐந்து மாதத்துக்கு முன்னால் நம் விஜிலாவுக்குக் காய்ச்சல். ஒன்பது வயதுப் பிள்ளை. அம்மா ஞானசௌந்தரி, படகில் இருந்த கணவர் ஃபிராங்க்ளினைப் போனில் கூப்பிட்டு, "பிள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி" என்றார். தோலில் வந்த தடிப்பைச் சொன்னார் அந்த அம்மா. கடல்காரர் காதுக்குச் சொறி என்றால் என்ன? மேலே பட்டால் தடித்து அரிக்கும் ஜெல்லிமீன், சொறிமீன்தான்! "ஏளா, சொறிமீன் பட்டிருக்கும், வினிகரை ஊத்து!" என்றார் ஐயா. சிரிக்காதீர்கள் அண்ணாச்சி, நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்!

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குள் ஓர் ஊறுகாய் வாசனை வந்தது. பின்னாலேயே விஜிலா வந்தாள். கண் சிவப்பு, நாக்குச் சிவப்பு, வயிற்றுவலி, வாந்தி. டெங்குவா? டைபாய்டா? குடல்வாலா? எனக்கும் பிடிபடவில்லை. "போன மாதம் வீட்டில் யாருக்காவது கொரோனா வந்ததா?" என்றேன்.

"இல்லவே இல்ல டாக்டர். எங்க வீட்டுக்காரவுகதான் போன மாசம் நாலு நாளா மீன் வாடையே தெரியலன்னு சொன்னாவ."

மீன் வாடை தெரியவில்லையாம்! திரேஸ்புரத்தில்! ஏலக்கூடத்தில் நின்றுகொண்டு!

வாடை தெரியாமல் போவது கொரோனாவின் கைவரிசை அல்லவா? அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. அப்பாவிடமிருந்து மகளுக்குச் சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறது கிருமி. அது போய் நான்கு வாரமாகியும், அதை விரட்ட எழுந்த உடம்பின் சேனை ஓயவில்லை. எதிரி போன பிறகு சொந்த வீட்டையே அடித்தது. ரத்தம் பார்த்தோம், அழற்சி ஏறிக் கிடந்தது. எக்கோ பார்த்தோம், பிள்ளையின் இதயம் சோர்ந்து கிடந்தது. பயந்தேன் ஐயா! இருபது ஆண்டு வைத்தியம் பார்த்த நான் பயந்தேன். அந்தச் சேனையை அடக்க நரம்பு வழியே இம்யூனோகுளோபுலின் மருந்து ஏற்றினோம், ஸ்டீராய்டு கொடுத்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள், "மீன் குழம்பு இல்லாம எப்படிச் சாப்பிட?" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள்!

கொரோனா வந்துபோன வீடா? ஆறு வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் நிற்கவில்லையா? கண் சிவப்பா? தடிப்பா? வயிற்றுவலியா? வாருங்கள்! வினிகரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்! நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். உங்கள் வாய்ச்சொல்தான் எங்கள் முதல் பரிசோதனை.

குணமான பிறகும் ஓடாதே, நீந்தாதே என்று தடுத்து வைத்திருந்தேன். ஐந்து மாதமாகக் கரையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாள். விஜிலா, எழுந்திரு. இன்று காலை எடுத்த எக்கோ இதோ என் கையில். உன் இதயம் நன்றாக இருக்கிறது. போ, கடலில் குதி!

ஏலே பிள்ளைகளா, பொறுங்கள், நன்றி சொல்ல விடுங்கள்... சரி, முதல் வரிசையே காலி! இதைவிடப் பெரிய கைதட்டல் எனக்கு எங்கே கிடைக்கும்? மிச்சமிருக்கும் உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்!